மயிலை, காரி, செவலை: சந்தை வைத்த நிறப்பெயர்கள்

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை சந்தை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய இந்த ஊரில், பொழுது நன்றாகப் புலர்வதற்குள் மினி லாரிகளிலிருந்து ஆடுகள் இறங்கத் தொடங்கிவிடும். கருகருவென்று நிற்கும் ஒரு கிடாயைக் காட்டி இது என்ன ஆடு என்று கேட்டால் ‘வெள்ளாடு’ என்பார்கள். பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நிற்பதைக் காட்டினால் ‘செம்மறி’ என்பார்கள். கருப்பு ஆடு வெள்ளாடாகவும் வெள்ளை ஆடு செம்மறியாகவும் இருப்பதில் சந்தையில் எவருக்கும் குழப்பமில்லை. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கே உரிய ‘சேலம் கருப்பு’ உச்சி முதல் குளம்பு வரை கருப்பான இனம். ஆனாலும் அது வெள்ளாடுதான். கர்நாடகத்து மண்டியா ஆடு உடம்பெல்லாம் வெள்ளை, முகத்தில் மட்டும் கொஞ்சம் பழுப்பு, அது செம்மறி. நிறத்தைச் சொல்ல வந்த சொல் இனத்தின் பெயராக இறுகிவிட்டது.

அதனால் நிறத்தைச் சொல்ல இங்கே வேறு சொற்கள் வேண்டியிருக்கின்றன. அவையும் ஒரே மொழியில் கிடைத்தால் போதாது. ஊரிலிருந்து வேப்பனப்பள்ளிச் சாலையில் போனால் சீக்கிரமே ஆந்திர எல்லையும் கர்நாடக எல்லையும் வந்துவிடும். வியாபாரிகள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும் பேசுவார்கள். பலர் ஒரே பேரத்துக்குள் இரண்டு மூன்று மொழிக்குத் தாவுவார்கள்.

இந்தக் கலப்பு நேற்று வந்ததல்ல. பாராமகால் எனப்பட்ட இந்தப் பகுதி ஐதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் நிலவரித் திட்டத்தை வகுத்துப் பார்த்தார்கள். ஓசூர்ப் பக்கம் திப்பு வீழ்ந்த 1799-க்குப் பிறகு கம்பெனியிடம் சேர்ந்தது. பிறகு இந்தப் பகுதி சேலம் மாவட்டம், 1965 முதல் தருமபுரி மாவட்டம், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். அரசுகள் மாறின, எல்லைக்கோடுகள் நகர்ந்தன. சந்தைக்கு வருகிறவர்கள் பேசும் மொழிகள் மட்டும் அப்படியே நின்றன. ஊரின் பெயரே சாட்சி. தமிழில் ‘பள்ளி’ என்று முடியும் ஊர்ப்பெயரைக் கர்நாடக எல்லைக்கு அப்பால் ‘ஹள்ளி’ என்பார்கள்.

மூன்று நிறங்களில் இந்த மொழிகளுக்குள் சிக்கல் இல்லை. தமிழில் கருப்பு, வெள்ளை, சிவப்பு. கன்னடத்தில் கப்பு, பிளி, கெம்பு. தெலுங்கில் நலுப்பு, தெலுப்பு, எருப்பு. உருதுவில் காலா, சஃபேத், லால். சொல் வேறானாலும் கை நீட்டும் ஆடு ஒன்றுதான். சிக்கல் பச்சையில் தொடங்குகிறது.

தமிழில் பச்சை என்றால் இலையின் நிறம். தெலுங்கில் ‘பச்ச’ என்பது இலைக்கும் பொருந்தும், மஞ்சளுக்கும் பொருந்தும். நாம் மஞ்சள் காமாலை என்கிற நோய் அவர்களுக்குப் ‘பச்ச காமெர்லு’. இலையின் நிறத்தைத் தனியாகக் காட்ட வேண்டுமானால் ‘ஆகுபச்ச’, அதாவது இலைப்பச்சை என்று அடைமொழி சேர்க்க வேண்டும். மஞ்சள் கிழங்குக்கும் அதன் நிறத்துக்கும் அவர்கள் சொல்லும் ‘பசுப்பு’, நம்முடைய பசுமைக்கு உறவு. கன்னடத்தில் அதே வேர் ‘ஹசிரு’ ஆகி இலையின் நிறத்தோடு நின்றுகொண்டது. மஞ்சள் நிறத்துக்கு ‘ஹளதி’ என்று வடக்கிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஒரே தாய்ச்சொல்லை மூன்று வீட்டுக்காரர்கள் மூன்று விதமாகப் பாகம் பிரித்துக்கொண்ட கதை இது.

தமிழ்ப் பச்சையும் அப்படியொன்றும் சுத்தமான நிறப்பெயர் அல்ல. பச்சைத் தண்ணீர், பச்சை முட்டை, பச்சை விறகு, பிள்ளை பெற்றவளின் பச்சை உடம்பு ஆகியவற்றில் ஒன்றுகூடப் பச்சையாக இருப்பதில்லை. காயாத, வேகாத, ஆறாத நிலையைத்தான் அங்கே அந்தச் சொல் குறிக்கிறது. பிலிப்பைன்சின் மிண்டோரோத் தீவில் ஹனுனோ மக்களிடையே இருந்து ஆய்வு செய்த ஹரால்டு காங்க்லின், 1955-ல் இதற்கு இணையான ஒன்றைப் பதிவு செய்தார். அவர்களுடைய அடிப்படை நிறப்பெயர்கள் நான்கு. இருள், ஒளி என்று ஒரு பிரிவு. ஈரம், காய்வு என்று இன்னொரு பிரிவு. புதிதாக வெட்டிய மூங்கிலின் பழுப்பான ஈர வெட்டுமுகத்தை அவர்கள் இளம்பச்சைக்குரிய சொல்லால் குறித்தார்கள். தமிழ்நாட்டு விறகுக்கடைக்காரருக்கு இதைக் கேட்டு ஆச்சரியம் வராது.

ஐரோப்பாவில் நிறப்பெயர்கள் விவாதமானதற்கு முதல் காரணம் ஓர் அரசியல்வாதி. இரண்டாவது காரணம், விந்தையாக, மாடு. பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டன், 1858-ல் ஹோமரைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதினார். கிரேக்கக் காவியங்களில் நிறச்சொற்கள் ஏன் இவ்வளவு குறைவு, ஏன் இவ்வளவு தாறுமாறு என்பது அவருடைய கேள்வி. கடலை ஹோமர் திராட்சை மதுவைப் போன்றது என்கிறார். அதே அடைமொழியை எருதுகளுக்கும் சூட்டுகிறார். கடலும் எருதும் ஒரே நிறமா? அந்தக் காலத்துக் கிரேக்கர்களின் கண் இன்னும் பக்குவப்படவில்லை என்று கிளாட்ஸ்டன் முடிவு கட்டினார். 1867-ல் ஜெர்மானிய மொழியறிஞர் லாசரஸ் கெய்கர், வேதங்கள் உள்ளிட்ட பழைய நூல்களிலும் வானத்தை நீலம் என்று சொன்னதாகக் காணோம் என்று பேசினார். அடுத்த பத்தாண்டுகளில் ஹூகோ மாக்னஸ் என்ற கண் மருத்துவர் இதை ஒரு பரிணாமக் கொள்கையாகவே ஆக்கிவிட்டார்.

கண்ணா, சொல்லா என்று சோதித்துப் பார்க்கக் கிளம்பியவர்களில் ஒருவர் தமிழ்நாட்டுக்கும் வந்தார். டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1898-ல் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன கேம்பிரிட்ஜ் குழுவில் இருந்தவர். 1901-02-ல் அவர் நீலகிரியில் தோடர்களிடையே தங்கினார். அந்தப் பயணத்திலேயே ஊராளிகள், சோளகர்கள் ஆகிய மலைமக்களின் பார்வைத் திறனையும் சோதித்தார். அந்த அறிக்கை 1903-ல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வெளியீட்டில் வந்தது. பர்கூர் மலையும் சத்தியமங்கலம் காடுகளும் சோளகர்கள் வாழும் இடங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்குக் காடுகளிலிருந்து பார்த்தால் காவிரிக்கு அந்தப் பக்கம்.

ரிவர்ஸ் கையோடு கொண்டுவந்த கருவிகளில் ஒன்று வண்ணக் கம்பளி நூல் கட்டு. சுவீடனில் 1875-ல் நடந்த ஒரு ரயில் விபத்துக்குப் பிறகு, ஊழியர்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறியத் தெரிகிறதா என்று பார்க்க ஹோம்கிரன் என்ற உடலியல் அறிஞர் உருவாக்கிய சோதனை அது. ஒரு நூலைக் கொடுத்து, அதற்குச் சாயல் ஒத்தவற்றைக் குவியலிலிருந்து பொறுக்கச் சொல்வார்கள். பெயர் சொல்லத் தேவையில்லை. தோடர் ஆண்களில் சிவப்பு-பச்சை நிறக்குருடு ஐரோப்பியர்களைவிட அதிகம் என்று ரிவர்ஸ் கண்டார். நீலத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவரால் கண்ணையும் சொல்லையும் முழுதாகப் பிரிக்க முடியவில்லை. நீலத்துக்குச் சொல் தெளிவில்லாத இடங்களில் நீல உணர்வும் சற்று மங்கலாக இருக்கலாம் என்ற எண்ணத்தை அவர் விடவில்லை. பின்வந்தவர்கள் அவருடைய சோதனை முறையில் குறை கண்டார்கள்.

சொல் இல்லாததால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடாது என்பது இன்று ஏறக்குறைய எல்லோரும் ஏற்றுக்கொண்டது. சொல் இருந்தால் சிறிய உதவி உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. ரஷ்ய மொழியில் கருநீலத்துக்கும் வெளிர்நீலத்துக்கும் தனித்தனிப் பெயர்கள். 2007-ல் வெளிவந்த ஒரு சோதனையில், அந்த எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள நீலங்களை ரஷ்யர்கள் சற்று விரைவாகப் பிரித்தறிந்தார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் அந்த விரைவு இல்லை. வித்தியாசம் ஒரு நொடியின் சிறு பங்குதான்.

இந்த ஆராய்ச்சியின் பெரிய திருப்பம் 1969-ல் வந்தது. பிரென்ட் பெர்லின், பால் கே என்ற அமெரிக்கர்கள் 98 மொழிகளின் நிறச்சொற்களை அடுக்கிப் பார்த்து, எந்த மொழியிலும் அடிப்படை நிறப்பெயர்கள் பதினொன்றுக்கு மேல் போவதில்லை, அவை சேரும் வரிசையும் ஏறத்தாழ ஒன்றே என்றார்கள். இரண்டு பெயர் மட்டும் இருந்தால் கருப்பும் வெள்ளையும், மூன்றாவதாகச் சிவப்பு, பிறகு பச்சையும் மஞ்சளும், அதன்பின் நீலம், அடுத்து பழுப்பு, கடைசியில் ஊதா, ரோஸ், ஆரஞ்சு, சாம்பல். 1976-ல் தொடங்கிய உலக நிற ஆய்வு 330 வண்ணச் சில்லுகளை 110 மொழிக்காரர்களிடம் காட்டி இதை மேலும் சோதித்தது. விதிவிலக்குகள் வந்தன, வரிசை கொஞ்சம் தளர்ந்தது, ஆனாலும் முழுதாகக் கவிழவில்லை.

தமிழ் இந்த வரிசைக்குப் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. கருமை, வெண்மை, செம்மை, பசுமை ஆகியவை பழஞ்சொற்கள். மஞ்சள் ஒரு கிழங்கு. நீலம் வடமொழியோடு பொதுவான சொல். சங்கப் பாடல்களில் அது பூவாகவும் மணியாகவுமே அதிகம் வருகிறது, கடலைச் சொல்லும்போது புலவர்கள் கருமையைத்தான் எடுத்தார்கள். சாம்பல் அடுப்பிலிருந்து வந்தது. ரோஸும் ஆரஞ்சும் கப்பலேறி வந்தவை. ஊதா இன்னும் ஓரிடத்தில் நிற்கவில்லை. பள்ளிப் பாடநூலின் வானவில்லில் அது ஒரு முனை. பேச்சிலோ பல ஊர்களில் நீலத்துக்கே ஊதா என்பார்கள்.

பெர்லினும் கேயும் தங்கள் பட்டியலுக்குள் ஒரு சொல் நுழைய நிபந்தனைகள் வைத்தார்கள். அவற்றில் ஒன்று: ஒரு வகைப் பொருளுக்கு மட்டும் வழங்கும் சொல் அடிப்படை நிறப்பெயர் ஆகாது. இந்த ஒரு நிபந்தனையில் குந்தாரப்பள்ளிச் சந்தையின் பாதி அகராதி வெளியே தள்ளப்பட்டுவிடுகிறது.

மயிலைக் காளை உண்டு, மயிலைச் சட்டை கிடையாது. வெள்ளையில் கருமை தோய்ந்த சாம்பல் மாட்டுக்குத்தான் மயிலை. கருப்பு மாடு காரி. செந்நிறமானது செவலை. மங்கிய மஞ்சள் புல்லை. உடம்பில் திட்டுத்திட்டாக வேறு நிறம் படர்ந்தால் மறை. செம்மையும் வெள்ளையும் கலந்தால் செம்மறை. இவற்றை வைத்து யாரும் புடவை வாங்குவதில்லை. ஜவுளிக்கடையில் அரக்கு, வாடாமல்லி, கத்தரிப்பூ, மயில்கழுத்து என்று பொருளின் பெயரால் நிறத்தைச் சொல்கிறோம். மாட்டுச் சந்தையில் நிறத்தின் பெயரால் மாட்டையே சொல்கிறோம். ‘அந்தச் செவலை என்ன விலை?’ என்று கேட்டால் போதும், மாடு என்ற சொல்லே வேண்டாம்.

இந்தப் பழக்கத்தின் வயதை நூல்களிலிருந்து ஓரளவு கணிக்கலாம். தொல்காப்பியத்தின் உரியியல், கறுப்பு சிவப்பு ஆகிய சொற்களை முதலில் சினத்தைக் குறிப்பவையாகச் சொல்லி, நிறத்தையும் அவை உணர்த்தும் என்று பிறகு சேர்க்கிறது. கலித்தொகையின் முல்லைப்பகுதியில் ஏறுதழுவும் களத்துக்குள் காளைகள் நிறத்தோடுதான் நுழைகின்றன: காரி, வெள்ளை, புகர், குரால். எந்தக் காளையை எவன் அடக்கினான் என்று ஊர் முழுக்கப் பேச வேண்டுமே, காளைக்கு அடையாளம் வேண்டாமா? பல நூற்றாண்டுகள் தாண்டிப் பள்ளு நூல்களில், பண்ணைக்காரன் முன்னால் பள்ளன் விதைநெல், ஏர், மாடு எல்லாவற்றுக்கும் கணக்கு ஒப்பிப்பான். முக்கூடற்பள்ளின் மாட்டுப் பட்டியலில் செம்மறையன் இருக்கிறான். இலக்கிய வடிவத்தில் வந்த பண்ணைச் சரக்குக் கணக்கு அது.

அதே சொல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில், செம்பழுப்பில் வெள்ளைத் திட்டுகளோடு திரியும் மாட்டினத்தைச் செம்மறை என்றே சொல்கிறார்கள். அதை வளர்ப்பவர்களில் பெரும்பகுதியினர் கன்னடம் பேசும் லிங்காயத்துகள். (கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ஒரு பர்கூர் உண்டு, வெளியூர்க்காரர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம்.) பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி ஊரின் பெயரைத் தாங்கிய ஆலம்பாடி மாடு கருஞ்சாம்பல், நெற்றியிலும் கால்களிலும் வெள்ளை தெரியும். மைசூர்ப் பக்கத்து அல்லிக்கார் இனமும் சாம்பல் குடும்பம்தான். திப்புவின் படைக்குப் பீரங்கியும் தளவாடமும் இழுத்த அமிர்த மகால் மாடுகள் அல்லிக்காரின் வழியில் வந்தவை. தருமபுரி, கிருஷ்ணகிரி, மைசூர் என்று இந்த வட்டாரம் முழுக்கச் சாம்பலின் பல தரங்கள் நடமாடின. சாம்பலுக்குள் கோடு போட ஒரே சொல் போதவில்லை.

மயிலை என்பது சில மாடுகளுக்குப் பிறவி நிறம்கூட அல்ல. காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறம். ஆறு மாதத்தில் அது சாம்பலுக்கு மாறுகிறது. பொலிகாளையானால் திமிலும் கழுத்தும் பின்தொடையும் கருத்துப்போகும். காயடித்து உழவு மாடாக்கினால் அந்தக் கருமை ஏறாது. பசு வெளுத்துக்கொண்டே போகும். ஆக, செவலைக் கன்று என்று வாங்கியது மயிலையாகி நிற்கும்போது விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று அர்த்தமில்லை. நிறப்பெயரைக் கேட்டால் மாட்டின் வயதும் பாலினமும் ஓரளவு தெரிந்துவிடும். 330 வண்ணச் சில்லுகளில் எதுவும் வளர்வதில்லை, காயடிக்கப்படுவதும் இல்லை.

ஓசூரில் இதற்கு இணையாக இன்னொரு நிற அகராதி ஒருகாலத்தில் ஓடியிருக்க வேண்டும். இப்போது மாவட்டக் கால்நடைப் பண்ணையாக இருக்கும் இடம் 1824-ல் ராணுவத்துக்கான குதிரைப் பண்ணையாகத் தொடங்கியது. குதிரை வணிகத்தின் சொற்கள் பாரசீகம், உருது வழி வந்தவை. கருங்குதிரை முஷ்கி, செம்பழுப்பு குமைத். சாம்பல் குதிரைக்குப் பெயர் சப்ஸா. அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் பச்சை. ராஜஸ்தானத்தில் 1576 ஹல்திகாட்டிப் போரில் மகாராணா பிரதாப் ஏறிவந்த சேத்தக்கை நீலக் குதிரை என்றே நாட்டார் மரபு பாடுகிறது. அதுவும் சாம்பல் குதிரைதான். நீலக் குதிரையோ பச்சைக் குதிரையோ உலகில் இல்லை என்பதால், அந்தச் சொற்களைச் சாம்பலின் தரம் பிரிக்கத் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

ஏன் இத்தனை சொற்கள்? சந்தையின் நடைமுறையைப் பார்த்தால் காரணம் புரியும். மாட்டுப் பேரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் துண்டை விரித்து, அதற்குள் எதிராளியின் விரல்களைப் பிடிப்பார். எத்தனை விரல், எந்தக் கணு என்பதில் நூறும் ஆயிரமும் அடங்கிவிடும். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எந்த மாட்டுக்கு அந்த விலை என்பதை உரக்கச் சொல்லியாக வேண்டும். நூற்றுக்கணக்கான உருப்படிகள் நெருக்கியடித்து நிற்கிற இடத்தில், விரல் நீட்டிக் காட்டவும் வழியில்லாதபோது, ஒரே சொல்லில் ஒன்றைத் தனியாக்கிக் காட்டியாக வேண்டும். விலை ரகசியம், நிறம் பகிரங்கம். மேய்ச்சலில் தொலைந்த மாட்டைத் தேடிப் பக்கத்து ஊருக்குப் போகிறவருக்கும் அதே தேவை. தாசில்தாரிடமோ காவல் நிலையத்திலோ புகார் சொல்லும்போதும் அதே தேவை.

ஆட்டில் நிறமே விலையாகிவிடுவதும் உண்டு. முனியப்பனுக்குக் கருங்கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டவர் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் வாங்க மாட்டார். பக்ரீத்துக்கு முந்திய வாரங்களில் ஊனமில்லாத, பார்வைக்கு எடுப்பான கிடாய்க்கே கிராக்கி. தென்மாவட்டத்துக் கன்னி ஆட்டில் கருப்பு உடம்பில் வெள்ளைக் கோடுகள் ஓடினால் பால்கன்னி, செம்பழுப்புக் கோடுகள் ஓடினால் செங்கன்னி. கொடி ஆட்டில் வெள்ளை மேல் கருப்பு தெளித்தது கரும்போரை, சிவப்பு தெளித்தது செம்போரை. ஆந்திரத்து நெல்லூர்ச் செம்மறியிலும் நிறம் வைத்தே மூன்று பிரிவுகள்: வெள்ளை ஆடு பல்லா, முகத்திலும் காலிலும் கருப்பு விழுந்த வெள்ளை ஜோடிப்பி, செந்நிறம் டோரா. எல்லைச் சந்தையில் இரண்டு மொழிகளின் இந்தப் பிரிவினைகள் சந்திக்கும்போது ஒருவர் சொல்லை மற்றவர் அப்படியே கடன் வாங்கிக்கொள்கிறார். மொழிபெயர்க்கப் பார்த்தால் பேரம் முடிவதற்குள் ஆடு கைமாறிவிடும்.

மாடு மேய்க்கும் சமூகங்கள் உலகெங்கும் இப்படித்தான். தெற்கு சூடானின் நூவர் மக்களைப் பற்றி இவான்ஸ்-பிரிட்சர்டு 1940-ல் எழுதிய நூலில், மாட்டின் அடிப்படை நிறச்சொற்கள் பத்து என்றும், வெள்ளை எங்கே எப்படிப் படர்ந்திருக்கிறது என்பதைச் சேர்த்தால் பல நூறு பெயர்கள் தேறும் என்றும் சொல்கிறார். அங்கே இளைஞன் தன் காளையின் நிறப்பெயரைத் தன் பெயராகச் சூடிக்கொள்வான். எத்தியோப்பியாவின் முர்சி மக்களிடையே மாட்டின் நிறப்பெயர்களே எல்லாவற்றுக்கும் நிறப்பெயர்கள். அவர்களைப் பற்றி டேவிட் டர்ட்டன் 1980-ல் எழுதிய ஆய்வுக்கட்டுரையின் தலைப்பே ‘அப்படியொரு மாடு கிடையாது’ என்ற பொருள் தருவது. நிறச்சில்லோடு வருகிற ஆய்வாளர் நிறத்தைத் தனியாக உரித்துக் காட்டுகிறார். பதில் சொல்கிறவரோ அந்தத் தோலைப் போர்த்திய மாட்டைத் தேடுகிறார். அடிப்படைப் பெயர்களின் பட்டியல் கண்ணின் பொது இயல்பைக் காட்டலாம். எது எதைப் பிரித்தறிந்தால் பிழைப்பு நடக்கும் என்பதைக் காட்டுபவை, அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கும் சொற்கள்.

பிழைப்பு மாறியதும் சொல்லும் மாறியது. டிராக்டர் வந்து உழவு மாடு குறைந்தது. பாலுக்காகக் கலப்பினங்கள் பெருகின. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத் தொழுவங்களில் கருப்பு வெள்ளைத் திட்டோடு நிற்பது ஹோல்ஸ்டீன் வழி. வெளிர்ச் செந்நிறத்தில் நிற்பது ஜெர்சி வழி. ‘சிந்து’, ‘ஜெர்சி’, ‘எச்எஃப்’ என்று இனப்பெயரே நிறத்தையும் சொல்லிவிடுகிறது. சாம்பலின் தரம் பிரித்த மயிலைக்கு வேலை குறைந்துபோனது. ஓசூரின் கால்நடைத் துறையில் பணியாற்றிய ஆர்.டபிள்யூ. லிட்டில்வுட் 1936-ல் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூல், ஆலம்பாடி, பர்கூர், காங்கேயம் இனங்களின் நிறத்தையும் உருவத்தையும் விரிவாக எழுதிவைத்தது. இன்று அந்த இனங்களை மீட்க முனைபவர்களுக்கு அது அடையாள ஆவணம்.

அடுத்து வந்தது எண். 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தோடு, 12 இலக்க எண் பொறித்த மஞ்சள் வில்லை மாடுகளின் காதில் பரவலாக ஏறியது. தடுப்பூசி, சினை, கன்று எல்லாம் அந்த எண்ணின் கீழ் பதிவாகின்றன. ஆனாலும் மாட்டுக்குக் காப்பீடு எடுக்கும்போது கால்நடை மருத்துவர் நிரப்பும் சான்றிதழில் நிறம், கொம்பின் வடிவம், வால்குஞ்சம், இயற்கை அடையாளங்கள் என்று கட்டங்கள் இன்னும் இருக்கின்றன. வில்லை அறுந்து விழலாம்; மாடு இறந்து இழப்பீடு கேட்கும்போது தோலும் சான்றிதழும் ஒத்துப்போக வேண்டும்.

இதே நெடுஞ்சாலையோரத் தொழிற்கூடங்களில் நிறம் எப்போதோ எண்ணாகிவிட்டது. பெயிண்டுக்கான இந்தியத் தரநிர்ணயம் ‘ஐ.எஸ். 5’ ஒவ்வொரு நிறத்துக்கும் பெயரோடு எண்ணும் தந்திருக்கிறது: 356 பொன்மஞ்சள், 537 சிக்னல் சிவப்பு, 631 வெளிர்சாம்பல், 632 கருஞ்சாம்பல். ஓசூரில் இயந்திர உறை செய்யும் சிறு பட்டறைக்கு வரும் வரைபடத்தில் அந்த எண் இருந்தால் போதும். பெயிண்ட் கடைக்காரர் தமிழரா கன்னடரா என்பது பொருட்டல்ல. ஜெர்மனி 1927-ல் 40 நிறங்களோடு தொடங்கிய ‘ரால்’ பட்டியலின் நோக்கமும் இதுதான். வாங்குபவருக்குக் காட்டும் நிறப்பெயர் வேறு வகை. போச்சம்பள்ளி ஆலையில் தயாரிக்கவென 2021 ஆகஸ்டில் அறிமுகமான ஓலா மின்ஸ்கூட்டர் பத்து நிறங்களில் வந்தது; அந்தப் பெயர்களை விளம்பரத்துறை தேர்ந்தெடுத்தது.

எண்ணும் விளம்பரமும் இன்னும் எட்டாத இடம் பட்டுக்கூடு அங்காடி. மல்பெரி விளையும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து விவசாயி ‘மஞ்சளா, வெள்ளையா?’ என்ற இரண்டு சொற்களில் முழுப் பேரத்தையும் தொடங்கிவிடுவார். மைசூர் உள்நாட்டுப் புழுவின் கலப்பில் வருவது மஞ்சள் கூடு. இரட்டைச் சந்ததிப் புழு நூற்கும் கூடு வெள்ளை. இழையின் நீளம், வளர்ப்புச் செலவு, வெயிலைத் தாங்கும் திறன், கிலோவுக்கு விலை என்று எல்லாமே அந்த இரண்டு நிறங்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. உலகத்தின் மிகச் சிறிய நிறப்பட்டியல்களில் அதுவும் ஒன்று, தேவைக்குக் குறைவில்லாதது.

சந்தையில் வாங்கிய ஆடுகளை வெளியூர் வியாபாரிகள் ஒரே லாரியில் ஏற்றும்போது, யார் வாங்கியது எது என்று கலந்துவிடாமல் இருக்க முதுகிலோ கொம்பிலோ சாயம் தடவிவிடுவார்கள். கருப்பு, வெள்ளை, செம்பழுப்பு ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை; அவை ஆட்டின் மேல் ஏற்கெனவே இருக்கின்றன. ஒருவர் ரோஸ் எடுத்தால் மற்றவர் நீலம், இன்னொருவர் இலைப்பச்சை. அப்படியொரு ஆடு எந்த மொழியிலும் கிடையாது என்பதால், பெங்களூரு போனாலும் சித்தூர் போனாலும் இறக்குகிற இடத்தில் ‘நீலம் பத்து, ரோஸ் பதினைந்து’ என்று எண்ணி இறக்கிக்கொள்வார்கள்.